பிளம்பர் பேசிய இங்கிலீஷும் ஒரு பழைய கணக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு ராத்திரி சாவகாசமாகப் படியுங்கள். போன மாதம் காந்தாரக் கலை பற்றி எழுதியதற்கு "டீச்சர், பாதியில் தூங்கிட்டேன்" என்று ஒருத்தன் பின்னூட்டம் போட்டிருந்தான். இதில் தூக்கம் வராது என்று நினைக்கிறேன்.

மகள் வீட்டுக்கு மெல்போர்ன் போய் மூன்று மாதம் இருந்தேன் அல்லவா, அப்போது ஒரு நாள் சமையலறைக் குழாய் ஒழுகியது. பிளம்பர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அரை டவுசர், தடிமனான பூட்ஸ், வெயிலில் கன்றிய கழுத்து. பார்த்துவிட்டு மகளிடம் என்னவோ சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. நானும் முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடம் எடுத்தவள்தான்! மகள் மொழிபெயர்த்தாள். ஸ்மோக்கோ முடித்துவிட்டு ஆர்வோ வருகிறேன் என்றாராம். ஸ்மோக்கோ என்றால் வேலைக்கு நடுவில் டீக்கு ஒதுங்கும் நேரம். ஆர்வோ என்றால் ஆஃப்டர்நூன்.

பேரன் அன்று முழுக்க "ஆர்வோ, ஆர்வோ" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். சாயங்காலம் மகள் அவனை அதட்டினாள். "போகன் மாதிரி பேசாதே." போகன் என்பது அங்கே படிப்பும் நாகரிகமும் இல்லாத வெள்ளைக்காரத் தொழிலாளியைக் கேலியாகச் சொல்லும் வார்த்தை. எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மறுநாளே அந்தப் பேட்டை நூலகத்துக்குப் போனேன். மகள் தன் கார்டில் புத்தகம் எடுத்துக் கொடுத்தாள். அகராதியும் கையுமாக ஒரு மாதம் உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1788 ஜனவரியில் சிட்னியில் பதினோரு கப்பல்கள் வந்து இறங்கியதும், அதில் பெரும்பாலோர் கைதிகள் என்பதும் உங்களுக்கு நான் நடத்திய பாடம். 1868 வரை மொத்தம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேருக்கு மேல் அப்படி நாடு கடத்தப்பட்டார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று: இந்தக் கைதிகளில் பலர் லண்டன் திருடர்களின் குழூஉக்குறி பேசினார்கள். "ஃபிளாஷ்" பாஷை என்று அதற்குப் பெயர். முதல் கப்பல்களோடு வந்த வாட்கின் டெஞ்ச் என்ற கடற்படை வீரர் 1793-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு செய்தி சொல்கிறார். ஆரம்ப கால நீதிமன்றங்களில் சாட்சியும் கைதியும் சொல்வதை விளக்க அடிக்கடி ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டாராம். இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு! எங்கள் பிளம்பரும் மகளும் நானும் ஞாபகத்துக்கு வந்தோம்.

ஆஸ்திரேலியாவில் தொகுக்கப்பட்ட முதல் அகராதி எது தெரியுமா? அந்தத் திருட்டு பாஷைக்கான அகராதிதான். தொகுத்தவரும் ஒரு கைதி. ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்று பெயர். மூன்று தடவை நாடு கடத்தப்பட்ட புண்ணியவான். நியூகாசில் தண்டனைக் குடியிருப்பில் இருக்கும்போது 1812-இல் அதை எழுதி, அங்கிருந்த அதிகாரிக்கே காணிக்கையாக்கினார். 1819-இல் லண்டனில் அச்சாயிற்று. அதில் "ஸ்வாக்" என்றால் மூட்டை, திருட்டுப் பொருள். பிற்காலத்தில் வேலை தேடி ஊர் ஊராக நடந்த கூலியாள் தோளில் சுமந்த படுக்கை மூட்டைக்கு அதுவே பெயராயிற்று. அவன் ஸ்வாக்மேன். "நியூ சம்" என்றால் சிறைக்குப் புதிதாக வந்தவன். பிறகு நாட்டுக்கே புதிதாக வந்த எல்லாருக்கும் ஆயிற்று. அந்தக் கணக்கில் என் மருமகனும் ஒரு நியூ சம்.

எல்லாம் திருடர்கள் தந்த சொல் இல்லை. "ஃபேர் டிங்கம்" என்று ஒன்று அடிக்கடி காதில் விழும். உண்மையாகவா, நிசம்தானா, சத்தியமாக என்று பல அர்த்தம். தங்கச் சுரங்கத்துக்கு வந்த சீனர்களின் சொல் என்று ஒரு கதை உண்டு. அகராதிக்காரர்கள் அதை ஒப்பவில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கிராமங்களில் டிங்கம் என்றால் வேலை, ஒருவன் பங்குக்குச் செய்யவேண்டிய வேலை. வேலை என்ற சொல்லே அங்கே போய் உண்மை என்று ஆகிவிட்டது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடும் உழைப்புக்கு "ஹார்ட் யாக்கா" என்பார்கள். அந்த யாக்கா இங்கிலீஷே இல்லை. பிரிஸ்பேன் பக்கத்து ஆதிக்குடிகளின் யாகரா மொழிச் சொல். காட்டில் ஒருவரை ஒருவர் "கூயி" என்று கூப்பிடுவது சிட்னி ஆதிக்குடிகளிடமிருந்து வந்தது. அவர்கள் நிலத்தைப் பிடுங்கியவர்கள் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். ஆளை மட்டும் விலக்கி வைத்தார்கள்.

இனி அந்தக் கணக்கு. கணக்கில் பிரியமுள்ள பிள்ளைகள் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

அலெக்சாண்டர் மார்ஜோரிபாங்க்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நியூ சவுத் வேல்ஸில் சுற்றிவிட்டு 1847-இல் ஒரு பயணப் புத்தகம் போட்டார். அங்கே எல்லாரும் எதற்கெடுத்தாலும் "பிளடி" என்று சொல்வது அவருக்கு அருவருப்பு. ஒரு மாட்டு வண்டிக்காரர் கால் மணி நேரத்தில் அந்தச் சொல்லை எத்தனை தடவை சொல்கிறார் என்று எண்ணினார். இருபத்தைந்து. தூக்கத்துக்கு எட்டு மணி நேரம், வாய் மூடியிருக்க ஆறு மணி நேரம் கழித்தார். மீதி பத்து மணி நேரம் பேச்சு. இருபது வயதிலிருந்து எழுபது வயது வரை என்று வைத்துக்கொண்டு பெருக்கினார். ஒரு கோடியே 82 லட்சம் தடவை என்று விடை வந்தது.

நானும் போட்டுப் பார்த்தேன். மணிக்கு நூறு, நாளைக்கு ஆயிரம், ஐம்பது வருடம். 365 நாள் என்றால் ஒரு கோடியே 82 லட்சத்து 50 ஆயிரம் வரவேண்டும். ஐம்பதாயிரம் குறைகிறதே என்று பார்த்தால், வாரத்துக்கு ஏழு நாள், வருடத்துக்கு 52 வாரம், அதாவது 364 நாள் என்று பிடித்தால் சரியாக வருகிறது. மாட்டு வண்டிக்காரருக்கு வருடத்தில் ஒரு நாள் லீவு கொடுத்திருக்கிறார் துரை!

சிரித்துவிட்டு யோசித்தேன். கணக்கு போட்டவருக்குப் பெயர் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. வண்டிக்காரருக்குப் பெயர் இல்லை. அவர் ஓட்டிய மாடுகள் எத்தனை, ஏற்றிய கம்பளி எவ்வளவு, எத்தனை மைல், என்ன கூலி என்று எண்ணியிருந்தால் இன்றைக்கு எவ்வளவு உபயோகமாக இருக்கும். சேற்றில் அச்சு வரை புதைந்த வண்டியைக் கிளப்புகிற மனுஷன் என்ன சொல்லுவான் என்று எதிர்பார்த்தாரோ தெரியவில்லை. நம் ஊர் அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

படிக்கப் படிக்க எனக்குப் பட்டது இதுதான். ஆஸ்திரேலியாவின் "பண்படாத தொழிலாளி" என்ற பொம்மையைப் பெரும்பாலும் செய்தது படித்தவர்களின் பேனா.

ஸ்வாக்மேனை உலகுக்கெல்லாம் அறிமுகப்படுத்திய "வால்ட்ஸிங் மட்டில்டா" பாட்டை 1895-இல் எழுதிய பாஞ்சோ பேட்டர்சன் சிட்னியில் ஒரு வக்கீல். 1957-இல் "தே'ர் எ வியர்ட் மாப்" என்று ஒரு புத்தகம் வந்தது. நீனோ குலோட்டா என்ற இத்தாலியர் சிட்னிக்கு வந்து, செங்கல் வைக்கும் கொத்தனார்களோடு வேலை பார்த்து, அவர்கள் பேச்சைக் கற்றுக்கொள்ளும் கதை. ஜனங்கள் விழுந்து விழுந்து வாங்கினார்கள். கடைசியில் பார்த்தால் இத்தாலியரே இல்லை. எழுதியவர் ஜான் ஓ'கிரேடி, சிட்னியில் பிறந்த மருந்தாளுநர்.

அதற்குப் பிறகு வந்தவர் பாரி ஹம்ஃப்ரீஸ். மெல்போர்னின் பெரிய தனியார் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1964-இலிருந்து லண்டன் பத்திரிகை ஒன்றில் பாரி மெக்கென்சி என்ற படக்கதை எழுதினார். பீர் குடிப்பது, வாந்தி எடுப்பது, பெண்களிடம் அசடு வழிவது தவிர வேறொன்றும் தெரியாத ஆஸ்திரேலிய இளைஞன். அவன் வாயில் வரும் கொச்சைகளில் பாதி அங்கங்கே பொறுக்கியது, பாதி ஹம்ஃப்ரீஸின் சொந்தச் சரக்கு. அந்தப் புத்தகத்தை ஆஸ்திரேலிய அரசு தடை செய்தது. நாலைந்து வருடத்தில் அதே கதையைச் சினிமாவாக எடுக்க அரசாங்கப் பணமே போயிற்று! 1974-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பிரதமர் விட்லமே முகம் காட்டினார். லண்டன்காரர்கள் சிரிக்கச் செய்த கொச்சையைப் பிறகு ஆஸ்திரேலிய இளைஞர்களே எடுத்துப் பேச ஆரம்பித்தார்கள். நம் ஊரில் சினிமா காமெடி வசனம் பிள்ளைகள் வாயில் ஏறுவது போலத்தான்.

எல்லாரும் கேலிக்காகவே எழுதினார்கள் என்று சொன்னால் அநியாயம். சி. ஜே. டென்னிஸ் 1915-இல் "தி சாங்ஸ் ஆஃப் எ சென்டிமென்டல் பிளோக்" என்று செய்யுளில் ஒரு கதை எழுதினார். மெல்போர்ன் தெருப் போக்கிரி பில், ஊறுகாய் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டும் டோரீன் மேல் காதல் கொள்கிறான். முழுக்க முழுக்கத் தெருப் பேச்சு. கடைசியில் சொற்பொருள் விளக்கம் போடவேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்குள் அறுபதாயிரம் பிரதிக்கு மேல் விற்றது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களுக்காகச் சட்டைப்பையில் அடங்கும் பதிப்பு போட்டார்கள். அதில் பில் டோரீனைக் கூட்டிக்கொண்டு ரோமியோ ஜூலியட் நாடகம் பார்க்கப் போகிறான். ரோமியோ கூட்டத்தையும் எதிர்க் கூட்டத்தையும் தன் தெருச் சண்டை கோஷ்டிகளாகவே பார்க்கிறான். இது கேலி இல்லை. ஷேக்ஸ்பியர் அவனுக்குச் சரியாகவே புரிந்திருக்கிறது என்று நான் சொல்வேன். பி.எட். வகுப்பில் கூட இவ்வளவு தெளிவாக நடத்துவார்களா, தெரியாது (நான் வெறும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான், பி.எட். மக்கள் கோபிக்கவேண்டாம்).

இன்னொரு வேடிக்கை. 1964-இல் சார்லஸ் டிக்கன்ஸின் கொள்ளுப்பேத்தி, எழுத்தாளர் மோனிகா டிக்கன்ஸ், சிட்னியில் தன் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி புத்தகத்தை நீட்டி "எம்மா சிஸிட்" என்றார். பெயர் போலிருக்கிறது என்று "எம்மா சிஸிட்டுக்கு" என எழுதிக் கையெழுத்திட்டார் மோனிகா. அந்த அம்மா கேட்டது "ஹவ் மச் இஸ் இட்", புத்தகம் என்ன விலை என்று! இதைப் பிடித்துக்கொண்டு அலஸ்டேர் மாரிசன் என்பவர் "ஸ்டிரைன்" என்று பெயர் வைத்துப் புத்தகமே போட்டார். ஆஸ்திரேலியன் என்பதை அவர்கள் விழுங்கிச் சொன்னால் ஸ்டிரைன். பண்படாத பேச்சுக்கு உதாரணமாக இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அந்த அம்மா வந்தது புத்தகம் வாங்க. பீர்க் கடைக்கு இல்லை.

அந்தத் தொழிலாளிகள் நிஜத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1856 ஏப்ரல் 21-ஆம் தேதி மெல்போர்ன் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலம் போய், எட்டு மணி நேர வேலை வாங்கினார்கள். நம் ஊரில் மே தினம் கொண்டாட ஆரம்பித்தது 1923. எத்தனை வருடம் முந்தி பாருங்கள்! மீதி நேரத்தில் படிக்க ஊருக்கு ஊர் "மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்" என்று வாசகசாலைகள் இருந்தன. முதலாவது 1827-இல் ஹோபார்ட்டில். மாட்டு வண்டிக்காரர் கணக்குக்கு இருபது வருடம் முன்னால்.

1904-இல் உலகத்திலேயே முதன்முறையாக ஒரு தொழிலாளர் கட்சி ஒரு நாட்டின் ஆட்சியில் உட்கார்ந்தது அங்கேதான். பிரதமர் கிறிஸ் வாட்சன் அச்சுக்கோப்பவர். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஃபிஷர் சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். எனக்கு மிகவும் பிடித்தவர் பென் சிஃப்லி. பாத்தர்ஸ்ட் ஊரில் ரயில் எஞ்சின் ஓட்டினார். இரவு வகுப்புகளுக்குப் போய்ப் படித்தார். 1917 வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காகப் பதவி இறக்கப்பட்டார். 1945-இல் பிரதமரானார். மறு வருடம் அவர் அரசு கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. ஆஸ்திரேலியக் கொச்சைச் சொற்களையெல்லாம் தேடித் தொகுத்து ஆராய்ந்த அகராதி மையம் பிற்பாடு அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் அமைந்தது.

பேச்சைக் கேவலமாகப் பார்த்தது மட்டும் குறையவில்லை. வானொலியில் லண்டன் உச்சரிப்பு உள்ளவர்களே செய்தி வாசிக்கவேண்டும் என்று ரொம்ப காலம் வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியர் பேச்சில் ஒரு குற்றமும் இல்லை என்று 1940-களில் அழுத்தமாகச் சொன்னவர் ஏ. ஜி. மிட்செல் என்ற பேராசிரியர். அவரும் ஆர்தர் டெல்பிரிட்ஜும் நாடு முழுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்து 1965-இல் முடிவை வெளியிட்டார்கள். பேச்சை மூன்றாகப் பிரித்தார்கள்: பிராட், ஜெனரல், கல்டிவேட்டட். பிளம்பர் பேச்சு பிராட். 34 சதவீதம். நடுத்தரமான ஜெனரல் 55 சதவீதம். லண்டன் வாடை அடிக்கும் கல்டிவேட்டட் வெறும் 11 சதவீதம். குற்றம் இல்லை என்று வாதாடியவர்களே பெயர் வைக்கும்போது அந்தப் பதினோரு பேருக்கு "பண்பட்ட" என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் மீதி 89 பேர்? தமிழில் பண்படுத்துவது என்றால் நிலத்தை உழுது சீர் செய்வது. அதைச் செய்கிறவன் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

தொழிலாளிக்கு ரொம்பப் பரிந்து பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். கசப்பான பக்கமும் உண்டு. "மேட்" என்று தோளில் கை போடும் அந்தத் தோழமை வெள்ளைத் தோலோடு நின்றது. 1901-இல் குடியேற்றத் தடைச் சட்டம் வந்தபோது லேபர் கட்சியும் தொழிற்சங்கங்களும் முழு மூச்சாக ஆதரித்தன. புஷ் தொழிலாளிகளின் வேதம் என்று பெயர் வாங்கிய "புல்லட்டின்" பத்திரிகை, ஆஸ்திரேலியா வெள்ளையனுக்கே என்ற முழக்கத்தை 1960 வரை தலைப்பிலேயே அச்சடித்தது. மாட்டுப் பண்ணைகளில் மாடு மேய்த்த ஆதிக்குடிகளுக்குப் பல இடங்களில் ரொட்டி, மாவு, புகையிலைதான் கூலி. 1966-இல் வேவ் ஹில் பண்ணையில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி மக்கள் வேலையை விட்டு வெளியேறியது அதனால்தான்.

அந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது தெரியுமா? டிக்டேஷன்! நான் உங்களுக்கு வாரா வாரம் வைத்தேனே, அதே சொல்வதை எழுதுதல். ஐம்பது வார்த்தை. ஆனால் எந்த ஐரோப்பிய மொழியில் என்பது அதிகாரியின் இஷ்டம். இங்கிலீஷ் தெரிந்த இந்தியனுக்கு வேறு ஒன்றில் வைக்கலாம். 1909-க்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. 1934-இல் எகோன் கிஷ் என்ற பத்திரிகையாளரை உள்ளே விடக்கூடாது என்று நினைத்தார்கள். அவருக்கு ஐரோப்பிய மொழிகள் பல தெரியும். ஆகவே ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் கேலிக் மொழியில் டிக்டேஷன் வைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இந்தச் சட்டத்தின்படி அது ஐரோப்பிய மொழியே இல்லை என்று தீர்ப்பாயிற்று. டிக்டேஷன் 1958-இல்தான் ஒழிந்தது. அது இருந்த வரைக்கும் என் மகள் மாதிரி ஒருத்தி அங்கே கால் வைத்திருக்க முடியாது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். "அம்மா, அது ஹிஸ்டரி. ஸ்கூலில் இவனை எப்படிப் பார்ப்பார்கள் என்பது என் கவலை" என்றாள். அதுவும் நியாயம்தான். நம் நிறத்தோடு போனவர்கள் பேச்சிலாவது குறை வைக்கக்கூடாது என்று நினைக்கிறார்கள். நானும் மேலே பேசவில்லை. பிளம்பர் அன்று ஆர்வோ சொன்னபடி வந்து குழாயைச் சரி செய்துவிட்டு, நான் கொடுத்த ஃபில்டர் காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். பில் தொகையை இங்கே எழுதினால் நீங்கள் எல்லாரும் பிளம்பிங் படிக்கப் போய்விடுவீர்கள்.

இனி, ஏன் சுருக்கென்றது என்பது.

1987. ஐந்தாம் வகுப்பு. ஆரணிப் பக்கம். ஒரு பையன் எழுந்து "மாட்ட இஸ்துகினு போனாங்க டீச்சர்" என்றான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். நான் அவனை மறுபடி மறுபடி அதையே சொல்லச் சொன்னேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். "இழுத்துக்கொண்டு" என்று நூறு தடவை எழுதி வரச் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன், நூறு சரியாக இருந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் அவன் வாயே திறக்கவில்லை. அடுத்த வருடம் வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஆலை வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். மார்ஜோரிபாங்க்ஸ் எண்ணியதைப் படித்தபோது என் விரல் அந்த நோட்டின் மேல் வரி வரியாக நகர்ந்தது ஞாபகம் வந்தது.

அந்த வகுப்புப் பிள்ளைகள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பின்னூட்டத்தில் அவன் பெயர் போடவேண்டாம். எங்கே இருக்கிறான், ஃபோன் நம்பர் என்ன என்று தெரிந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். நானே பேசிக்கொள்கிறேன்.